இழுப்பறைக்குள் ஆறு பாட்டு

மார்ச் 11, செவ்வாய்

நோன்பு மாதம். பாசார் ரமலான் சாயங்காலச் சந்தைக் கூட்டத்தில் எங்கள் உலு திராமுக்குள் நுழையவே முடியவில்லை. ஜொகூர் பாரு அலுவலகத்திலிருந்து, கூட வேலை செய்யும் நர்மதாவின் காரில் ஒரு மணி நேரம். எனக்கு அலுக்கவில்லை, காரில் ஓடியது என் லிஸ்ட். ‘ஈர மாலை’, நாற்பத்தொரு பாட்டு. மூன்றாவது முடிந்து நான்காவது தொடங்கும் இடத்தில் வீணை ஓய்ந்து ஒரு மூச்சு இடைவெளி விட்டுப் பியானோ வரும். அந்த ஒரு மூச்சுக்காக இரண்டு வாரம் வரிசையை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன். சரியாக அந்த இடத்தில் நர்மதா ஸ்டியரிங்கில் தாளம் போடுவதை நிறுத்தினாள்.

“ஒன் லிஸ்ட் ஒன்ன மாதிரியே இருக்கு பிரேமலா. சத்தமே போடாம, நீட்டா, ரொம்ப கிளாஸ் லா.”

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “நீயா? சத்தமே போடாமலா?” என்று கேட்டுவிட்டுச் செல்வா குளிக்கப் போய்விட்டார்.

பாட்டுச் செயலியில் ‘ஈர மாலை’யைப் பின்தொடர்கிறவர்கள் இன்றைக்கு 2,140 பேர். அலுவலக ஸ்பீக்கரும் என் பொறுப்புதான். கட்டட வரைபடம் போடுகிற ஆபீசில் நான் வெறும் நிர்வாக உதவியாளர். ஆனால் பாட்டு என்று வந்துவிட்டால் ஆர்க்கிடெக்ட்டுகளே என்னிடம்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

ரெங்கம் போனோம். அங்கே இருக்கும் என் அண்ணன் காளிதாஸின் முகத்தில் ஒரு வெளிச்சம். அவர் மகள் லோஷினி, அப்பாவின் பழைய சிடியைப் பாட்டுச் செயலியில் ஏற்றிவிட்டிருக்கிறாள்.

2003இல் அண்ணன் ஓர் உறுமி மேளக் குழு வைத்திருந்தார். உறுமி, பம்பை, தவில், நடுவில் அண்ணனின் குரல். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கெல்லாம் போவார்கள். ஒரே ஒரு சிடி போட்டார்கள். ஆறு பாட்டு, ஆறும் முனியாண்டி மேல். தைப்பூசக் கடைகளில் கொஞ்சம் விற்றது. அப்புறம் கல்யாணம், பிள்ளை, செம்பனைக் குலை ஏற்றும் லோரி. குழு கலைந்து பதினைந்து வருஷம் இருக்கும்.

அண்ணன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“பாத்தியா, இந்த மாசம் ரெண்டு பேரு கேட்டிருக்காங்க. ஒண்ணு நானு. இன்னொண்ணு லோஷினி.”

எல்லாரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். “ஒன் லிஸ்ட்ட ரெண்டாயிரம் பேரு கேக்குறாங்களாமே. நம்ம பாட்டு ஒண்ண அதுல போட்டு விடேன் புள்ள. கடைசியில போட்டாக்கூட போதும்.”

“போட்டுர்றேண்ணே.” எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

மார்ச் 17, திங்கள்

போடவில்லை.

மார்ச் 22, சனி

இன்று போட்டேன். நாற்பத்திரண்டாவதாக. நான்கு நிமிடம் வைத்திருந்துவிட்டு எடுத்துவிட்டேன்.

வேகம் ஒத்துவரவில்லை, ஒலிப்பதிவு பழசு, புல்லாங்குழலுக்குப் பின்னால் உறுமி வந்தால் காது அதிரும் — நல்ல நல்ல காரணமாக எழுதிக்கொண்டே போகலாம். எனக்கு நானே பொய் சொல்லிக்கொள்ளத்தான் இந்த நோட்டு வாங்கினேனா?

தைப்பூசத்தன்று நர்மதாவின் காரில் சிவப்பு விளக்கில் நின்றோம். ஒரு காவடிக் கூட்டம் உறுமியோடு கடந்து போனது. “எப்படித்தான் இந்தச் சத்தத்தக் கேக்குறாங்களோ” என்றாள். அவள் கெட்டவள் இல்லை. செட்டியார் வீட்டுப் பெண். அவர்கள் கோயிலில் தைப்பூசம் என்றால் வெள்ளி ரதம், நாதஸ்வரம். அவளுக்குத் தெரிந்தது அது. ஆனால் நான்? நான் பிறந்த தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால்தான் முனியாண்டி கோயில். “ஆமா லா” என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றியது நான்தான்.

ஏப்ரல் 4, வெள்ளி

அண்ணன் போன். “போட்டியா புள்ள? நம்பர் ஏறவே காணோமே.”

“போட்டாச்சுண்ணே. ஆப்பு மெதுவாத்தான் காட்டும். கொஞ்ச நாளாவும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. இனி அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

ஒரு வழி கண்டுபிடித்தேன். பெருமையாக இருக்கிறது. சீ, பெருமை என்ன பெருமை.

என் பழைய போன், செல்வாவின் பழைய போன், அலுவலகத்தில் சும்மா கிடக்கும் ஒரு டேப்லட். மூன்றிலும் மூன்று பெயரில் கணக்கு. அண்ணனின் ஆறு பாட்டை மட்டும் வைத்து யாருக்கும் தெரியாத ஒரு லிஸ்ட். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டால் கேட்டதாக எடுத்துக்கொள்ளாது என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதனால் மூன்றுக்கும் ஹெட்போன் சொருகி, சத்தத்தை நன்றாகவே வைத்து, என் மேசை இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டேன். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை உள்ளே அண்ணன் பாடுவார். வெளியே ஸ்பீக்கரில் ‘ஈர மாலை’.

லிஸ்ட்டில் போடாத பாவத்துக்குப் பரிகாரம். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

மே 18, ஞாயிறு

அண்ணன் உலு திராமுக்கே வந்துவிட்டார். போனில் சொன்னால் பத்தாதாம்.

“மூணு பேரு புள்ள! மூணு பேரும் ஜொகூர் பாரு. ஆனா விடவே மாட்டேங்குறாங்க. மூணு பேரும் சேந்து ஒரு நாளைக்கு முந்நூறு தடவைக்கு மேல போடுறாங்க. பைத்தியமா இவங்க?”

செல்வா என்னைப் பார்த்தார். அவருடைய பழைய போன் எங்கே போனது என்று அவருக்குத் தெரியும். நான் காப்பி கலக்கப் போய்விட்டேன். அடுப்படிக்கும் அண்ணனின் குரல் கேட்டது. “சனி ஞாயிறு மட்டும் கேக்க மாட்டாங்க. வேலைக்குப் போற ஆளுங்க போல. ஒருத்தரு கண்டிப்பா பஸ் டிரைவரு, காலையிலேர்ந்து பொழுதுசாயிற வரைக்கும் வண்டியிலயே போட்டு வுட்டுடுறாரு. இன்னொண்ணு ஒரு அம்மா. கடை வெச்சிருப்பாங்க. மூணாவது ஆளுதான் புடிபடல.”

காப்பியில் சர்க்கரை போட மறந்திருக்கிறேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போனார். சந்தோஷத்தில் இருப்பவருக்கு எதுவும் கசக்காது போல.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று டேப்லட்டுக்குச் சார்ஜ் போட மறந்துவிட்டேன். இன்று அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்: ‘நேத்து ஒருத்தரு வரல. ஒடம்பு சரியில்லையோ என்னமோ.’

ஜூலை 12, சனி

ரெங்கம். அண்ணன் குழுவை மறுபடி கூட்டிவிட்டார். பம்பைக்குப் பழைய ஐயாசாமி அண்ணனே. ஆகஸ்டில் தோட்டத்து முனியாண்டிக்குத் திருவிழா, அதில் வாசிக்கப் போகிறார்களாம். அதற்கப்புறம் புதுப் பாட்டுகளாம்.

அண்ணி சந்திரமதி என்னைப் பின்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார். “ஒங்கண்ணன் சனிக்கிழம ஓட்டத்த விட்டுட்டாரு பிரேமா. பயிற்சிக்கு நேரம் வேணுமாம். மொதலாளி அந்த ஓட்டத்துக்கு வேற ஆள வெச்சிட்டாரு. இருவது வருஷமா ஒரு நாள் லீவு போடாத மனுஷன். கேட்டா, ‘மூணு பேரு தெனம் காத்துக்கிட்டு இருக்காங்க’ன்னு சொல்றாரு. அந்த மூணு பேரு யாருன்னு ஒனக்குத் தெரியுமா?”

தெரியாது என்று தலையாட்டினேன். சொல்லக்கூட இல்லை, ஆட்டினேன்.

அப்புறம் அண்ணன் வந்து கேட்டார், “நாலாவது பாட்ட இன்னும் கொஞ்சம் வேகமா எடுக்கலாமா? வரிசை, வேகமெல்லாம் ஒனக்குத்தானே தெரியும். நீ கேட்டியே, என்ன நெனக்கிற?”

“நல்லாத்தாண்ணே இருக்கு.”

கேட்கவில்லை. ஏப்ரலிலிருந்து இழுப்பறைக்குள் எத்தனை ஆயிரம் தடவை ஓடியிருக்கும்? ஒரு தடவைகூட அந்த ஹெட்போனை எடுத்து என் காதில் வைக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். மார்ச்சிலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறேன். அந்த சிடி அட்டைப் படம். பின்னால் தீ எரிகிற மாதிரி கம்ப்யூட்டரில் செய்தது, வெள்ளைக் குதிரை, மஞ்சள் சட்டையில் ஏழு பேர். ஓரத்தில் பச்சைப் பாவாடை, இரட்டைச் சடை, நெற்றியில் எண்ணெய் வழிய ஒரு பதினான்கு வயசுப் பெண். அது நான். நாலாவது பாட்டில் அண்ணன் “வந்துட்டாரா?” என்று கேட்பார். ஒரு பெண் குரல் தொண்டை கிழியக் கத்தும், “வந்துட்டாருண்ணே!” அதுவும் நான்தான்.

அண்ணனின் பாட்டை லிஸ்ட்டில் போட்டால் பக்கத்திலேயே அந்தப் படமும் வரும். நர்மதா பார்ப்பாள். உறுமிக்காக வெட்கப்பட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணுக்காக வெட்கப்பட்டேன். சத்தம் போடுகிற அந்தப் பெண்ணுக்காக.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

திருவிழா. பால்குடம் கிளம்புவதற்கு முன்னால், உச்சி வெயிலில், அண்ணன் மைக்கைப் பிடித்தார். மஞ்சள் சட்டை தொப்பையில் இழுத்துக்கொண்டு நின்றது. கோயில் கமிட்டிக்கு நன்றி, அன்னதானம் செய்தவருக்கு நன்றி. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“ஜொகூர் பாருல மூணு பேரு இருக்காங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. பேரு தெரியாது, மொகம் தெரியாது. நாலு மாசமா தெனம் என் பாட்டக் கேக்குறாங்க. அவங்க இல்லன்னா நான் இன்னிக்கு இந்த மைக்கப் புடிச்சிருக்க மாட்டேன். அந்த மூணு பேரும் நல்லாருக்கணும்னு எல்லாரும் முனியாண்டிய வேண்டிக்குங்க.”

வேண்டிக்கொண்டார்கள். என் பக்கத்தில் நின்ற பாட்டியம்மா கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்காக. சாமிக்கு முன்னால், நூற்றைம்பது பேர், என் இழுப்பறைக்காக வேண்டிக்கொண்டார்கள்.

உறுமி தொடங்கியதும் தலைவலி என்று செல்வாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நாலாவது பாட்டு வருவதற்குள்.

காரில் செல்வா கேட்டார், “எப்பச் சொல்லப் போற?”

“நிறுத்திட்டா போதாதா?”

“நிறுத்துனா மூணு பேரும் செத்துட்டாங்கன்னு நெனப்பாரு.”

ஆகஸ்ட் 4, திங்கள்

நிறுத்தவில்லை. காலை ஒன்பதுக்கு மூன்றையும் போட்டுவிட்டு இழுப்பறையைப் பூட்டினேன். இனிமேல் எப்படி நிறுத்துவது?

ஆகஸ்ட் 21, வியாழன்

எல்லாம் போயிற்று.

மதியம் லோஷினி கூப்பிட்டாள். அவள் பாட்டை ஏற்றிய நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ‘செயற்கையான முறையில் கேட்பு எண்ணிக்கை உயர்த்தப்பட்டுள்ளது.’ ஆறு பாட்டையும் எடுத்துவிட்டார்கள். கணக்கையும் மூடிவிட்டார்கள்.

“அப்பா திருப்பித் திருப்பிப் படிக்கச் சொல்றாரு அத்தை. ‘செயற்கைன்னா என்னம்மா?’ன்னு கேக்குறாரு. நான் என்ன சொல்றது?”

இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். லிஸ்ட் அப்படியே இருக்கிறது. ஆறு பெயரும் சாம்பல் நிறத்தில். தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ரெங்கம் போனேன். சொல்லத்தான் போனேன்.

அண்ணன் வீட்டு முன்னால் ஐந்தடித் திண்ணையில் சட்டை போடாமல் உட்கார்ந்திருந்தார். ஐயாசாமி அண்ணன் வந்துவிட்டுப் போயிருக்கிறார். குழுவில் பேச்சாம், காளி ஆள் வைத்து நம்பர் ஏற்றினான், பொய் நம்பரைக் காட்டி எங்களையும் கூட்டிவந்துவிட்டான் என்று. அண்ணன் அதைச் சொல்லும்போது கோபமே இல்லை. “அவங்க மேல தப்பு இல்ல. நான்தானே மூணு பேரு, மூணு பேருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.”

லோஷினி மடிக்கணினியோடு வந்தாள். “அத்தை, இதப் பாருங்க. சனி ஞாயிறு ஒண்ணுமே இல்ல. பேரரசர் பொறந்த நாளு லீவு, அன்னைக்கும் இல்ல. ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சு ஆறு மணிக்கு நிக்குது. இது பஸ் டிரைவரு இல்ல. ஏதோ ஒரு ஆபீஸ்.”

அவள் என்னைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. சந்தேகப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சொல்லவில்லை. சோறு சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அண்ணி மீன் குழம்பு ஒரு டப்பாவில் கட்டிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டும் வந்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

சொல்லிவிட்டேன்.

தனியாகப் போனேன். காலை பத்து மணி. அண்ணன் வீட்டு முன்னால் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை. ஓட்டமும் இல்லை, பயிற்சியும் இல்லை.

“அண்ணே, அந்த மூணு பேரும் நான்தான்.”

தண்ணீர்க் குழாயை மூடாமலே திரும்பினார். “என்னா சொல்ற?”

சொன்னேன். இரண்டு போன், ஒரு டேப்லட், மேசை இழுப்பறை. நடுவில் எங்கேயோ அவர் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

“லாச்சிக்குள்ள வெச்சியா?”

“ஆமாண்ணே.”

“பூட்டி?”

“ஆமா.”

“ஹெட்போன் போட்டேங்கிறியே. யாரு காதுல?”

“யாரு காதுலயும் இல்ல.”

அண்ணன் ரொம்ப மெதுவாக, தோட்டத்தில் பாம்பைக் கண்டால் பேசுகிற குரலில் கேட்டார். “நீ கேட்டியா? ஒரு தடவயாச்சும்?”

“இல்லண்ணே.”

“ஒன் லிஸ்ட்ல போட்டேன்னு சொன்னியே.”

“போடலண்ணே.”

“ஏன் புள்ள?”

எத்தனையோ காரணம் எழுதி வைத்திருந்தேன். இந்த நோட்டிலேயே இருக்கிறது. வாயில் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

“வெக்கமா இருந்துச்சுண்ணே.”

அண்ணன் தன் ஈரக் கையைப் பார்த்தார். கால்சட்டையில் துடைத்தார். மறுபடி பார்த்தார். “பொய்யா மூணு பேரு இருந்தது பரவால்ல” என்றார். “ரெண்டாயிரம் பேருக்கிட்ட இது எங்கண்ணன்னு நீ சொல்ல மாட்டேன்னுட்டியே, அதான்.”

குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே, என்னைப் பார்க்காமல், “வெயில் ஏறதுக்குள்ள கெளம்பு.”

ஆயர் ஹித்தாம் பக்கம் போகிற சாலையில் தவறாகத் திரும்பி, எங்கேயோ போய், வீட்டுக்கு வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அடிச்சிருக்கலாம்ல? சின்ன வயசுல அடிப்பாரே. அடிச்சிருக்கலாம்ல.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள். எங்கள் தாமான் வீடுகள் முழுக்கக் கொடி. லோஷினியிடம் கெஞ்சி மேளக் குழுவின் வாட்ஸ்அப்பில் என்னைச் சேர்க்கச் சொன்னேன். பேசி அனுப்பினேன்: “நான் காளிதாஸ் அண்ணன் தங்கச்சி பிரேமலா. அண்ணன் ஆள் யாரையும் வைக்கல. அவருக்குத் தெரியவே தெரியாது. திருட்டுத்தனம் பண்ணது நானு.” பதினொரு முறை பேசிப் பதினொன்றாவதை அனுப்பினேன்.

ஐயாசாமி அண்ணன் கட்டைவிரல் ஒன்று போட்டார். ஐந்து நிமிடத்தில் என் அண்ணன் அந்த வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டார்.

செப்டம்பர் 19, வெள்ளி

மூன்று வாரமாக அண்ணன் போனை எடுக்கவில்லை.

இன்று காரில் நர்மதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காவடிக் கூட்டத்தன்று கண்ணாடியை ஏற்றியது வரை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பாள், ‘ஓ’ என்று இழுப்பாள் என்றெல்லாம் ஆறு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

“நான் அப்படிச் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்ல லா” என்றாள். “ஒங்கண்ணன் பாடுவாரா? அனுப்பேன், கேக்கலாம்.”

அவ்வளவுதான்! ஞாபகமே இல்லாத ஒரு வார்த்தை. அதற்குப் பயந்தா இத்தனையும் செய்தேன்?

அனுப்புவதற்குத்தான் ஒன்றும் இல்லை. ஆறு சாம்பல் வரி.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ரெங்கம் போனோம். அண்ணன் செல்வாவிடம் பேசினார், மழையைப் பற்றி, எண்ணெய் ஆலையைப் பற்றி. என்னிடம் “சாப்பிடு” என்றார். ஒரே வார்த்தை. அதையும் இலையைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஐயாசாமி அண்ணன் வந்து அவரைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

கிளம்பும்போது அண்ணி முறுக்குப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. காரில் பிரித்தால் உள்ளே அந்த சிடி. தீ, குதிரை, பச்சைப் பாவாடை. மேலே ஒரு துண்டுக் காகிதம், அண்ணியின் கோணல் எழுத்தில்: ‘காதுல கேளு.’

நவம்பர் 8, சனி

மூன்று வாரம் சிடியை வெளியே எடுக்கப் பயம். வீட்டில் சிடி ஓட்டும் பெட்டி ஏதும் இல்லை. செல்வாவின் பழைய காரில்தான் இருக்கிறது. இன்று மழை. வீட்டு முன்னால் நின்ற காரில் போய் உட்கார்ந்து கேட்டேன். ஆறையும். பிறகு மறுபடி ஆறையும்.

அண்ணனுக்கு அப்போது இருபத்து நாலு வயசு. குரல் இன்னும் உடைந்து முடியாத மாதிரி, மேலே போகும்போது கொஞ்சம் நடுங்குகிறது. அவர் அதை மறைக்கவில்லை. நடுங்கினாலும் போய்த் தொட்டுவிட்டுத்தான் இறங்குகிறார். என்னுடைய நாற்பத்தொரு பாட்டில் அப்படி யாரும் இல்லை. அதில் எல்லாரும் எட்டுகிற உயரத்துக்குத்தான் போகிறார்கள். அப்படிப்பட்டவர்களாகப் பார்த்துத்தான் நான் பொறுக்கியிருக்கிறேன்.

நாலாவது பாட்டு. “வந்துட்டாரா?”

“வந்துட்டாருண்ணே!”

காரே அதிர்ந்தது. எவ்வளவு சத்தம்! எவ்வளவு சந்தோஷம் அந்தப் பிள்ளைக்கு! ஒலிப்பதிவு அறையில் தூரமாக நிற்கச் சொன்னார்கள், கேட்காமல் மைக்குக்கு ஓடிவந்து கத்தினேன். எல்லாரும் திட்டினார்கள். அண்ணன்தான், “இருக்கட்டும், இதுதான் நல்லாருக்கு” என்றார். இருபத்திரண்டு வருஷமாக மறந்திருந்தேன்.

வீட்டுக்குள் வந்து அண்ணனுக்கு எழுதினேன். மன்னிப்பெல்லாம் இல்லை, அது முன்பே நிறைய அனுப்பியாயிற்று. கேட்டதை எழுதினேன். ரெண்டாவது பாட்டு முதலில் வந்திருக்க வேண்டும். அஞ்சாவதில் பம்பை உங்கள் குரலை முழுங்குகிறது. ஆறாவது ரெண்டு நிமிடம் நீளம். நாலாவதை வேகமாக எடுக்காதீர்கள், அந்த நிதானம்தான் சாமி வருகிற நடை. ஜூலையில் நீங்கள் கேட்டதற்கு இதுதான் என் பதில்.

நவம்பர் 9, ஞாயிறு

நீல டிக் ரெண்டு. பதில் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

அண்ணன் குரல் அனுப்பியிருக்கிறார்! நாற்பது விநாடி.

“ரெண்டாவது மொதல்ல வரணும்ங்கிறது சரிதான். அப்பவே ஐயாசாமி சொன்னான், நான்தான் கேக்கல. ஆறாவது நீளம் இல்ல, ஒனக்குப் பொறும இல்ல. புதுசா ஒண்ணு பாடி வெச்சிருக்கு. லோஷினி அனுப்புவா. கேட்டுட்டுச் சொல்லு. சும்மா நல்லாருக்குன்னு சொல்லாத.”

எட்டு முறை கேட்டேன். அண்ணன் பேசியதைத்தான். பாட்டை அப்புறம்.

டிசம்பர் 4, வியாழன்

பாட்டுச் செயலியின் ஆண்டு முடிவுக் கணக்கு எல்லாருக்கும் வந்துவிட்டது. அலுவலகம் முழுக்கத் தங்கள் தங்கள் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இழுப்பறையைத் துப்புரவு செய்யும்போது என் பழைய போனைத் திறந்தேன். அதற்கும் வந்திருந்தது, வண்ணக் காகிதம் பறக்க:

‘வாழ்த்துகள்! இந்த ஆண்டு நீங்கள் 45,000 நிமிடம் பாட்டு கேட்டீர்கள். உங்கள் கலைஞரின் உலகிலேயே மிகத் தீவிரமான ரசிகர் நீங்கள்தான்.’

நர்மதா எட்டிப் பார்த்து, “யாருக்கு லா வந்தது?” என்றாள். இழுப்பறைக்கு என்றேன். மூன்று கணக்கையும் அங்கேயே அழித்தேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

லோஷினி வேறொரு நிறுவனம் மூலம் புதுப் பாட்டை ஏற்றி இன்று நாலாவது நாள். படத்துக்கு ஏதாவது கோயில் கோபுரம் போடலாம் என்று அவள் சொன்னாளாம். அண்ணன் பழைய சிடி அட்டைதான் வேண்டும் என்றுவிட்டார். தீ, குதிரை, நான்.

‘ஈர மாலை’யில் முதல் பாட்டாக வைத்தேன். ஒரு பேச்சுக்குக்கூட ஒத்துவரவில்லை. உறுமி முடிந்து வீணை வரும்போது திருவிழாவிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: ‘முதலில் பாடுகிறவர் என் அண்ணன். ஓரத்தில் நிற்பது நான்.’ நான்கு நாளில் பதிமூன்று பேர் விலகியிருக்கிறார்கள். ஒருவர் மட்டும், ‘தவறுதலாகச் சேர்ந்துவிட்டதா?’ என்று கேட்டிருந்தார். இல்லை என்று பதில் போட்டேன்.

சாயங்காலம் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். எடுத்ததும் செருமினார்.

“பதினோரு பேரு முழுசா கேட்டிருக்காங்கன்னு காட்டுது.”

“அப்படியாண்ணே.”

“அதுல ரெண்டு பேரு நானும் லோஷினியும்.”

“சரிண்ணே.”

“ஐயாசாமி ஒண்ணு. ஒங்கண்ணி ஒண்ணு.” மறுபடி செருமல். “அந்தப் பதினொண்ணுல நீ எத்தன பேரு?”

கையில் செல்வாவின் ஈரம் காயாத சட்டை. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும், அவ்வளவு சத்தமாகத்தான் வந்தது.

“ஒருத்திதாண்ணே!”